சொல்லத் தெரியாத வலி: வளரிளம் பருவக் கல்வியும் பெற்றோரும்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை. இலுப்பூரில் எங்கள் புறநோயாளிகள் பிரிவு வழக்கம்போல் நிரம்பியிருந்தது. பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய அம்மாவும் அப்பத்தாவும் அழைத்து வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலிருந்து வயிற்றுவலி என்றார்கள். அப்பத்தா ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்திருந்தார். மாலையில் கடையிலிருந்து ஒரு மாத்திரை. இரவில் இரண்டு முறை வாந்தி. எங்கள் மேசைக்கு வந்தபோது அவன் கால்களை அகட்டி, சுவரைப் பிடித்தபடி நடந்தான்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தோம். மிருதுவாக இருந்தது. எங்கே வலிக்கிறது என்று கேட்டோம். அம்மாவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். வீட்டாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ஆண் மருத்துவர் ஒருவரை வரவழைத்துத் திரையை இழுத்த பின்னரே அவன் கையை எடுத்துக் காட்டினான். வலி வயிற்றில் இல்லை. இடப்பக்க விதை தன் நாளத்தோடு முறுக்கிக்கொண்டு, இரத்த ஓட்டம் நின்று, வீங்கிக் கறுத்திருந்தது.

விதை முறுக்கு என்னும் இந்த நோயில் காலமே எல்லாம். வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து முறுக்கைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். நேரம் செல்லச் செல்ல வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். ஒரு நாள் கடந்துவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் செய்வதற்கில்லை. அவன் வந்தபோது முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. திருச்சிக்கு அனுப்பினோம். அங்கே அந்த விதையை அகற்றிவிட்டு, மற்றது முறுக்கிக்கொள்ளாதபடி தையலிட்டு நிறுத்தி அனுப்பினார்கள். ஒரு விதையோடும் அவன் இயல்பாக வளர்வான், திருமணம் செய்துகொள்வான், தந்தையாவான். இதை அவன் அம்மாவிடம் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது; இங்கும் சொல்லிவிடுகிறோம்.

தையல் பிரிக்க வந்த நாளில் அந்த அம்மா எங்கள் முன்னாலேயே மகனிடம் கேட்டார்: "அங்கதான் வலிக்குதுன்னு அன்னைக்கே ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அது கெட்ட வார்த்தைல்ல. எப்படிம்மா உங்கிட்டச் சொல்றது?" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. தன் உடலின் அந்தப் பகுதிக்கு அவன் அறிந்திருந்த சொற்கள் எல்லாம் தெருச் சண்டையில் காதில் விழுந்தவை. வீட்டில் அதற்குப் பெயரே இல்லை. பள்ளிப் பாடநூலில் பெயர் உண்டு. ஆனால் அந்தப் பக்கத்தை வகுப்பில் யாரும் வாய்விட்டு வாசித்ததில்லை. (இக்கட்டுரையில் வரும் நோயாளிகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறோம்.)

'பாலியல் கல்வி' என்ற சொல்லைக் கேட்டவுடன் பெற்றோர் பலர் முகம் சுளிப்பதை நாங்கள் அறிவோம். குழந்தைகளுக்கு வேண்டாததைச் சொல்லிக் கெடுப்பது என்றே அதைப் புரிந்துகொள்கிறார்கள். எங்களைப் பொறுத்தவரை அது மேற்கண்ட சிறுவனிடமிருந்து தொடங்குகிறது. உடலின் எல்லா உறுப்புகளுக்கும் பெயர் உண்டு, அவற்றில் எது வலித்தாலும் வீட்டில் சொல்லலாம் என்று ஒரு பிள்ளை அறிந்திருப்பதே அதன் முதல் பாடம்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு விதமானது. நம் பக்கத்தில் ஒரு பெண் பூப்பெய்தினால் ஊரே அறியும். அவளுடைய படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்துப் பேருந்து நிறுத்தத்தில் கட்டுகிறோம். பந்தல் போடுகிறோம், மைக் செட் கட்டுகிறோம், தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளோடு மேளதாளத்துடன் வருகிறார். அன்னவாசல் சாலையில் முகூர்த்த நாள்களில் இதைக் காணாமல் போக முடியாது. சடங்கைக் குறை சொல்வது எங்கள் நோக்கமன்று. உறவுகள் கூடி ஒரு பெண்ணைக் கொண்டாடுவதில் அன்பு இருக்கிறது. ஆனால் ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்லும் இந்தச் செய்தியை அந்தப் பெண்ணிடம் மட்டும் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ஏன் இரத்தம் வருகிறது, எத்தனை நாள் வரும், எவ்வளவு வந்தால் அதிகம் என்று எதுவும் அவளுக்குத் தெரியாது. "இனிமே ஆம்பளப் பசங்களோட வெளயாடக் கூடாது" என்பது மட்டுமே அவள் பெறும் பாடம்.

அதன் விளைவை நாங்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் காண்கிறோம். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் மயங்கி விழுந்து எங்களிடம் கொண்டுவரப்பட்டாள். உள்ளங்கை காகிதம்போல் வெளுத்திருந்தது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 5 கிராமுக்குச் சற்று மேல். அவ்வயதில் 12 இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் இரத்தப்போக்கு இருந்திருக்கிறது. எட்டு மாதங்களாக. "வயசுக்கு வந்த புதுசுல அப்படித்தான் இருக்கும்னு நெனச்சோம் டாக்டரம்மா" என்றார் அம்மாச்சி. அந்தப் பெண்ணோ, எல்லோருக்கும் இப்படித்தான் போலும் என்று இருந்துவிட்டாள். ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் ஒரு செய்தியும் இல்லை. இரத்தம் ஏற்றி, மருந்து கொடுத்து, இரத்தம் உறைவதில் குறை ஏதும் உண்டா என்றும் சோதித்த பிறகே வீட்டுக்கு அனுப்பினோம்.

ஆகவே, தாய்மார்கள் அறிந்திருக்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மாதவிடாய் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகள் ஒழுங்கற்று வருவது இயல்பு. ஆனால் ஒரு முறைக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அணையாடையை மாற்ற வேண்டியிருந்தாலோ, வலியால் மாதந்தோறும் பள்ளிக்குப் போக முடியாமல் போனாலோ மருத்துவரைக் காணுங்கள். எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர்ச்சி தொடங்கினாலும், பதினைந்து வயது முடிந்தும் பூப்பெய்தாவிட்டாலும் அவ்வாறே. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேருக்கு இரத்தசோகை இருப்பதாக அது கூறுகிறது. பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னல் வழியே எறிந்துவிடாமல் விழுங்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் எறிகிறார்கள், எங்களிடமே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாடு அரசு பள்ளி மாணவியருக்கு அணையாடைகளை விலையின்றி வழங்குகிறது. கிராமப்புறப் பெண்களுக்கான 'புது யுகம்' திட்டம் 2012இல் தொடங்கியபோது, சில வீடுகளில் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவும் கூசினார்கள். இன்று அந்தக் கூச்சம் பெருமளவு போய்விட்டது. பொருளைக் கொடுப்பது எளிதாயிற்று. பேச்சு மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

இனி ஆண் பிள்ளைகள். பாலியல் கல்வி என்றால் பெண்களுக்கு மாதவிடாய் பற்றிச் சொல்வது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஆணுக்குத் தானாகவே எல்லாம் தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. தெரிவதில்லை என்பதை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள், விடுதிகளில் அறையெடுத்து ஆலோசனை வழங்கும் போலி வைத்தியர்கள். இரவுத் தொலைக்காட்சியில் அவர்கள் பேசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "இளமையில் செய்த தவறு", "நரம்புத் தளர்ச்சி", "ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தத்துக்குச் சமம்" என்றெல்லாம் அச்சுறுத்துவார்கள். உறக்கத்தில் விந்து வெளியேறுவது, பருவமடைந்த ஆணின் உடலில் நிகழும் முற்றிலும் இயல்பான ஒன்று. சுய இன்பத்தால் நரம்பு தளர்வதில்லை, ஆண்மை குறைவதில்லை, கண் குழி விழுவதில்லை. இந்த மூன்று வாக்கியங்களை ஒரு தந்தை தன் மகனிடம் பதின்மூன்றாம் வயதில் சொல்லியிருந்தால் எத்தனையோ இளைஞர்களின் பணமும் உறக்கமும் மிச்சமாகியிருக்கும்.

எங்களிடம் வந்த கல்லூரி மாணவன் ஒருவன் கைச்செலவுக்கு வைத்திருந்த பணம், தாய் கொடுத்த மோதிரத்தை அடகு வைத்த பணம் என எல்லாவற்றையும் இப்படிப்பட்ட லேகியத்தில் தொலைத்திருந்தான். நோய் ஏதும் இல்லை. மன அழுத்தம் மட்டும் உண்மையாக இருந்தது. அதற்குத்தான் சிகிச்சை அளித்தோம். அவனுடைய அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார். நம் மாவட்டத்தில் இது அரிதன்று. எத்தனையோ வீடுகளில் தந்தை என்பவர் இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசித் திரையில் வருபவர். "நல்லாப் படிக்கிறியா? அம்மா சொல்றதக் கேளு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படி வெளிநாட்டில் இருக்கும் தந்தையருக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது: இதழின் இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து யாராவது உங்களுக்கு அனுப்பினால், அடுத்த அழைப்பில் மகனிடம் தனியாகப் பேசுங்கள். நேரில் சொல்வதைவிடத் தொலைவிலிருந்து சொல்வது சிலருக்கு எளிதாகக்கூட இருக்கும்.

பருவ வயதில் சில பையன்களுக்கு மார்பு சற்றுப் பருத்து வலிக்கும். பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் தானே வற்றிவிடும். இதற்காகக் கேலிக்கு அஞ்சிப் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியவனை அறிவோம்.

பள்ளியில் சொல்லிக்கொடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லிக்கொடுக்க முயன்ற கதை நீளமானது, இனிமையானதும் அன்று. 2005ஆம் ஆண்டில் மத்திய அரசு, எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்போடு சேர்ந்து, வளரிளம் பருவக் கல்வித் திட்டம் ஒன்றைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. ஆசிரியர் கையேட்டில் இருந்த படங்களும் விளக்கங்களும் நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை என்று எதிர்ப்புக் கிளம்பியது. 2007இல் மகாராட்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் அத்திட்டத்தை நிறுத்திவைத்தன. மாநிலங்களவையின் மனுக்கள் குழு, வெங்கையா நாயுடு தலைமையில் ஆராய்ந்து, பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டாம் என்றே 2009இல் பரிந்துரைத்தது. அதே 2007ஆம் ஆண்டில்தான் மத்திய மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் வேறொரு ஆய்வை வெளியிட்டது. பதின்மூன்று மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்த ஆய்வு அது. அவர்களில் 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகச் சொன்னார்கள். சிறுவர்களும் சிறுமியரும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தனர். துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள், குழந்தை நம்பிய இடத்தில் இருந்தவர்கள். ஒரே ஆண்டில் வந்த இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து எத்தனை பேர் வாசித்தார்கள் என்று தெரியவில்லை.

கல்வி கொடுத்தால் பிள்ளைகள் தவறான வழியில் போவார்கள் என்ற அச்சத்துக்குச் சான்று இல்லை. யுனெஸ்கோ அமைப்பு பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2009இலும் 2018இலும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. முறையான கல்வி பெற்ற இளையோர் அதனால் முன்கூட்டியே உடலுறவில் ஈடுபடுவதில்லை. பலர் தள்ளிப்போடுகிறார்கள் என்பதே அத்தொகுப்பு காட்டுவது. சுவீடன் நாட்டில் 1955இலேயே இது கட்டாயப் பாடமாயிற்று. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் முதல் தொடக்கப் பள்ளிகளிலும் 'உறவுகள் பற்றிய கல்வி' கட்டாயம். நட்பு, மரியாதை, அனுமதி கேட்பது, வேண்டாம் என்று சொல்வது ஆகியவை அதில் வருகின்றன. பாலியல் பகுதியிலிருந்து தம் பிள்ளையை விலக்கிக்கொள்ளக் கோரும் உரிமை பெற்றோருக்கு உண்டு; உறவுகள் பகுதியிலிருந்து விலக்க முடியாது. இந்தப் பிரிவினை எங்களுக்குச் சரியாகவே படுகிறது. பெற்றோரைப் புறந்தள்ளாமலும், பிள்ளையைக் கைவிடாமலும் இருக்கிறது.

நம் உச்ச நீதிமன்றமும் இதைப் பேசியிருக்கிறது. குழந்தைகளைத் தவறாகச் சித்திரிக்கும் காணொளிகளைக் கைப்பேசியில் வைத்திருந்த இளைஞர் ஒருவரின் வழக்கு தமிழ்நாட்டிலிருந்து சென்றது. சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த அவ்வழக்கை 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் மீட்டெடுத்தது. அத்தகைய காணொளிகளை உரிய நோக்கத்தோடு சேமித்து வைத்திருப்பதும் குற்றமே என்று கூறிய அதே தீர்ப்பில், பாலியல் கல்வி பற்றிய தவறான எண்ணங்களைக் களைந்து, விரிவான கல்வித் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் நீதிபதிகள் எடுத்துரைத்தனர்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒன்றும் இல்லாமலில்லை. எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றிய பாடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் இருக்கிறது. ஆனால் தாவரப் பகுதியை மகரந்தத் தூள்வரை விரிவாக நடத்திவிட்டு, "மிச்சத்த வீட்டுல படிச்சுக்கோங்க" என்று புத்தகத்தை மூடும் ஆசிரியர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. ஆசிரியை ஒருவர் எங்களிடம் சொன்னார்: "நான் நடத்தத் தயார் டாக்டர். மறுநாள் பெற்றோர் வந்து 'எம் பொண்ணுக்கு என்ன சொல்லிக் குடுக்குறீங்க'ன்னு தலைமை ஆசிரியர் அறையில நின்னா, எனக்கு யார் நிப்பா?" வீட்டைக் கேட்டால், அதெல்லாம் பள்ளியில் சொல்வார்கள் என்கிறது. பள்ளி, அது வீட்டார் வேலை என்று நினைக்கிறது. நடுவில் கைப்பேசி இருக்கிறது. அது எதற்கும் கூச்சப்படாத ஆசிரியர். கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் வைத்திருக்கிறது.

பண்பாட்டுக்கு ஒவ்வாது என்ற சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. அகம், புறம் என்று வாழ்வைப் பிரித்து, அகத்தை முன்வைத்த மொழி நம்முடையது. திருக்குறளில் 25 அதிகாரங்கள் காமத்துப்பால். 2016இல் குறளைப் பள்ளிகளில் முழுமையாகக் கற்பிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டபோதும், அந்த முழுமை அறத்துப்பாலோடும் பொருட்பாலோடும் நின்றது. மூன்றாம் பாலை எந்த வயதில் சொல்லுவது என்று வள்ளுவருக்கு நாம் நேரம் ஒதுக்கவில்லை.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனி மரபு உண்டு. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஆண்களே படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே இடம்பெற்று, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை சட்டமன்றத்தின் உறுப்பினராக அவர் குழந்தை மணத்துக்கு எதிராகப் பேசியபோது அதுவும் வெளியில் பேசத் தகாத பொருளாகத்தான் இருந்தது. 1929ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் திருமண வயதைப் 14 என வைத்தது. இன்று 18. இத்தனைக்குப் பிறகும், ஐந்தாம் சுற்று ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் 18 நிறையும் முன் மணமானவர்கள். பிறகு 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. புதுக்கோட்டையின் கிராமத்துப் பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். அப்போதும் கேலி பேசினார்கள், ஆபாசமாகப் பேசினார்கள். அன்று தயங்கித் தயங்கி மிதிவண்டியில் ஏறிய பெண்களே இன்றைய அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும். பேத்தியிடம் பேச அவர்களுக்குத் துணிவில்லை என்று நாங்கள் நம்பவில்லை.

எப்போது, எப்படிப் பேசுவது என்று கேட்கும் பெற்றோருக்கு நாங்கள் சொல்வது இதுதான். ஒரு நாள் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் காரியமன்று இது. மூன்று, நான்கு வயதில் குளிப்பாட்டும்போதே தொடங்கிவிடலாம். கை, கால், மூக்கு என்று சொல்லும் வரிசையிலேயே ஆணுறுப்பு, விதை, பெண்ணுறுப்பு, மார்பு என்று சொல்லுங்கள். செல்லப் பெயர் வைத்தாலும் பரவாயில்லை. சொல்லக் கூடாத பெயராக மட்டும் ஆக்காதீர்கள். உள்ளாடை மறைக்கும் இடத்தை அம்மாவோ, அப்பத்தாவோ கழுவிவிடும்போதும், அம்மா அருகிலிருக்க மருத்துவர் பார்க்கும்போதும் தவிர வேறெவரும் தொடக் கூடாது என்பதும் அவ்வயதிலேயே புரியும். "மாமாவுக்கு முத்தம் குடு" என்று வற்புறுத்துவதை நிறுத்துங்கள். பிடிக்காத தொடுதலை மறுக்கலாம் என்று ஒரு கையால் கற்பித்துவிட்டு, மறு கையால் அதைக் கலைக்கிறோம். யாராவது "இத வீட்டுல சொல்லாத" என்று சொன்னால், அதைத்தான் முதலில் வீட்டில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுங்கள்.

எட்டு, ஒன்பது வயதில் மாதவிடாய் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இப்போது பத்து வயதிலேயே பூப்பெய்தும் பெண்கள் உண்டு. நிகழ்ந்த பிறகு சொன்னால் அவள் அதற்குள் ஒரு முறை அஞ்சி அழுதிருப்பாள். அண்ணன் தம்பிக்கும் அதே நேரத்தில் சொல்லுங்கள். அக்காள் மூன்று நாள் தனியே உட்கார்ந்திருப்பது ஏன் என்று தெரியாத பையனே வகுப்பில் பாவாடைக் கறையைப் பார்த்துச் சிரிக்கிறான். ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றியும் எங்களிடம் கேளுங்கள். அந்த வயதில் குறைந்த தவணைகளே போதும்.

பதின்ம வயதில் உடலைவிட உறவுகளைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருக்கும். இங்கே ஆண் பிள்ளைகளின் பெற்றோரை மீண்டும் அழைக்கிறோம். பிடிக்கவில்லை என்று சொன்ன பெண்ணை விடாமல் பின்தொடர்ந்தால் கடைசியில் மனம் மாறுவாள் என்று நம் திரைப்படங்கள் பல பத்தாண்டுகளாகக் கற்பித்துவிட்டன. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் பொருள் என்பதை வீட்டில் யாராவது சொல்லியாக வேண்டும். சட்டத்தையும் சொல்லுங்கள். 2012இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம், 18 வயது நிறையாதவரின் சம்மதத்தைச் சம்மதமாகவே ஏற்பதில்லை. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் விரும்பித்தான் பழகினார்கள் என்றாலும் சிறைக்குப் போவது பையன். இப்படிப்பட்ட வழக்குகளைக் குறித்து உயர் நீதிமன்றங்களே கவலை தெரிவித்திருக்கின்றன. ஆயினும் சட்டம் அதுவே.

பெண்ணின் பையில் ஒரு கடிதமோ, கைப்பேசியில் ஒரு படமோ கண்டெடுத்த நாளில் பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்பதில் அடுத்த பத்து ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. எங்கள் அனுபவத்தில் மிகக் கொடிய முடிவுகள் அன்று இரவே எடுக்கப்படுகின்றன. அடி, கைப்பேசி பறிப்பு, பள்ளி நிறுத்தம், அத்தை மகனோடு அவசரத் திருமணம். அப்படிப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண்களில் சிலரை நாங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவிலும், சிலரைப் பதினேழாம் வயதில் பிரசவ அறையிலும் மீண்டும் சந்தித்திருக்கிறோம். கோபம் வருவது இயல்பே. அன்று இரவு எதையும் முடிவு செய்யாதீர்கள். பள்ளியை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கருவுற்ற நிலையில் வரும் சிறுமியரும் உண்டு. அதிலும் பலர் தாமதமாகவே வருகிறார்கள். சொன்னால் காவல் நிலையம், ஊரில் தலைகுனிவு என்ற அச்சமே காரணம். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பதினெட்டு நிறையாதவர்களுக்கு 24 வாரம்வரை சட்டப்படி, பாதுகாப்பாகக் கருக்கலைப்புச் செய்ய இடமுண்டு. பாலியல் குற்றத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது மருத்துவர்களாகிய எங்கள் கடமை; அதிலிருந்து நாங்கள் விலக முடியாது. ஆனால் இசைவோடு நிகழ்ந்த உறவால் கருவுற்ற சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புக்காக அவள் பெயரையும் பிற அடையாளங்களையும் அந்தத் தகவலில் தெரிவிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் கூறியிருக்கிறது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து, இரத்தம் நிற்காமல் நள்ளிரவில் கொண்டுவருவதைவிட, பகலில் வந்து எங்களிடம் பேசுங்கள்.

குழந்தைகளுக்கான 1098, பள்ளி மாணவர்களுக்கான 14417, மருத்துவ, மனநல ஆலோசனைக்கான 104 ஆகிய எண்களைப் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். உங்களிடம் சொல்ல முடியாததை வேறொருவரிடமாவது சொல்ல ஒரு வழி வேண்டும்.

முதலில் சொன்ன சிறுவனின் அம்மா சென்ற ஆண்டு மீண்டும் வந்தார். இம்முறை இளைய மகனுக்குக் காய்ச்சல். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டவர் எழுந்திருக்கவில்லை. "இவனுக்குப் பத்து வயசாகுது டாக்டரம்மா. பெரியவனுக்கு வந்த மாதிரி வந்தா என்ன செய்யணும்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்களேன். எனக்கு வாய் வரல" என்றார். நீங்களே சொல்லுங்கள், தவறினால் நாங்கள் திருத்துகிறோம் என்றோம். அவர் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, முதல் சொல்லில் ஒரு முறை நின்று, இருமி, பிறகு சொல்லத் தொடங்கினார். விதை என்றதும் பையன் சிரித்துவிட்டான். அவரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே முழுவதையும் சொல்லி முடித்தார். நாங்கள் திருத்த வேண்டியிருந்தது ஒரே ஓர் இடத்தில்தான். விடிந்த பிறகு சொல்லலாம் என்று இருக்கக் கூடாது, நள்ளிரவானாலும் அம்மாவை எழுப்ப வேண்டும்.